சொல்லின் பின்னால் நிற்பவர் யார்?

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி வீராம்பட்டினத்தில் நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

    

வெள்ளி விழா என்றால் கடந்து வந்த பாதையைப் போற்றிப் பேசுவது மரபு. எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேர் அரசுப் பணியில் அமர்ந்தார்கள் என்பதையெல்லாம் இம்மலரின் பிற பக்கங்கள் கூறும். அவை நமக்குப் பெருமை தருபவை. ஆனால் எழுதப் படிக்கக் கற்ற ஒரு சமுதாயத்தின் முன் அடுத்த கேள்வி ஒன்று நிற்கிறது. எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டோம். அந்த எழுத்தை எழுதியவர் யார், எழுதச் சொன்னவர் யார், அதற்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதைப் படிக்கக் கற்றுக்கொண்டோமா? இதுவே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

செங்கழுநீர் அம்மன் தேர்த் திருவிழாவை அறியாதார் இவ்வூரில் இல்லை. ஆடி மாதத்தில் நடைபெறும் அவ்விழாவில் ஆட்சித் தலைவர் வடம் தொட்டுத் தேரோட்டத்தைத் தொடங்கிவைப்பது பிரெஞ்சுக்காரர் காலந்தொட்டு வரும் வழக்கம். மறுநாள் செய்தித்தாளில் வரும் படம் அதுதான். ஆனால் தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பவை ஆயிரம் கைகள். படத்தில் அந்தக் கைகள் இல்லை. படம் பொய்யன்று, ஆனால் படம் முழு உண்மையும் அன்று. எதைக் காட்டுவது, எதை விடுவது என்று முடிவு செய்பவனே நம் எண்ணத்தை உருவாக்குகிறான். திருவிழாப் படத்தில் இதனால் எவருக்கும் தீங்கில்லை. ஒரு தொழிற்சாலையைப் பற்றியோ, ஒரு மருந்தைப் பற்றியோ, ஒரு சட்டத்தைப் பற்றியோ இவ்வாறு நிகழும்போது உயிரும் நிலமும் பறிபோகும்.

மூன்று வழிகள்

பெருநிறுவனங்கள் தம் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ள மூன்று வழிகளைக் கையாளுகின்றன. முதலாவது, சட்டம் இயற்றுவோரையும் அதிகாரிகளையும் தனியே அணுகித் தமக்கு ஏற்ற ஆணைகளைப் பெறுவது. இதனை மேனாட்டார் லாபி என்பர். நம் மக்கள் மொழியில் சொன்னால் காதோடு காது வைத்த பேச்சு. இரண்டாவது, மக்கள் தொடர்பு என்னும் பெயரால் நற்பெயரை வளர்த்துக்கொள்வது. பள்ளிக்குப் பை வழங்குவதும், ஊருக்குக் குடிநீர்த் தொட்டி கட்டுவதும், அதன்மேல் தம் பெயரை எழுதிக்கொள்வதும் இவ்வகை. மூன்றாவது பிரசாரம். ஒரே கருத்தைப் பல வாய்களால் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, அதுவே உலகின் பொதுக் கருத்து என்று நம்மை நம்பவைப்பது.

இவை மூன்றும் தம்மளவில் குற்றங்கள் அல்ல. நாமும் கோரிக்கை மனுவோடு அமைச்சரைக் காண்கிறோம். நாமும் துண்டறிக்கை அச்சிடுகிறோம். வேறுபாடு ஒன்றே. நாம் நம் பெயரைச் சொல்லிக்கொண்டு பகலில் போகிறோம். தம் பெயரை மறைத்து, பிறர் வாயால் பேசுகின்றபோதுதான் அது மக்களாட்சிக்கு நஞ்சாகிறது.

அமெரிக்க நாட்டில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசின்மீது செல்வாக்குச் செலுத்தச் செலவிடும் தொகையை நிறுவனங்கள் அறிவிக்க வேண்டும். இந்தியாவில் அத்தகைய சட்டம் இல்லை. இதன் விளைவை 2012 டிசம்பரில் கண்கூடாகக் கண்டோம். வால்மார்ட் என்னும் அமெரிக்க வணிக நிறுவனம், 2008 முதல் ஏறத்தாழ 2.5 கோடி டாலரை இவ்வகையில் செலவிட்டதாகவும், இந்தியச் சந்தையில் நுழைவது பற்றிய பேச்சும் அதில் அடங்கும் என்றும் அந்நாட்டு ஆவணங்களிலிருந்து தெரியவந்தது. நம் நாடாளுமன்றத்தில் பெரும் அமளி எழுந்தது. நீதிபதி முகுல் முட்கல் தலைமையில் விசாரணையும் அமைக்கப்பட்டது. நம் நாட்டுச் சில்லறை வணிகம் பற்றிய பேச்சை நாம் அறிய, வேறொரு நாட்டின் சட்டம் தேவைப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஐயத்தை விற்றவர்கள்

பிரசாரம் எவ்வளவு நுட்பமாக இயங்கும் என்பதற்குச் சிகரெட் நிறுவனங்களின் வரலாறே தலைசிறந்த பாடம். 1950களின் தொடக்கத்தில், புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை மருத்துவ அறிஞர்கள் நிறுவத் தொடங்கினர். உடனே அமெரிக்கச் சிகரெட் முதலாளிகள் ஹில் அண்டு நோல்டன் என்னும் மக்கள் தொடர்பு நிறுவனத்தை அணுகினர். 1954 ஜனவரி 4ஆம் நாள் நானூறுக்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் ஒரு முழுப்பக்க அறிக்கை வெளிவந்தது. மக்கள் உடல்நலமே எமக்கு முதன்மை என்றும், ஆராய்ச்சிக்கு உதவுவோம் என்றும் அதில் உறுதி கூறினர். ஆராய்ச்சிக் குழு ஒன்றையும் தம் செலவில் அமைத்தனர்.

அவர்கள் புகைபிடிப்பது நன்று என்று வாதிடவில்லை என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். இன்னும் முடிவாகத் தெரியவில்லை, மேலும் ஆராய வேண்டும் என்று மட்டுமே கூறினர். ஐயத்தை விதைத்தால் போதும். ஐயம் நீடிக்கும் வரை சட்டம் வராது. சட்டம் வராதவரை விற்பனை நடக்கும். இம்முறையில் பல பத்தாண்டுகள் கழிந்தன. 1994இல் ஒரு சிகரெட் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டான்டன் கிளான்ட்ஸ் அவர்களுக்குப் பெயரிலியாக வந்து சேர்ந்தன. 1998இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி நிறுவனங்கள் தம் ஆவணங்களை வெளியிட நேர்ந்தது. இலட்சக்கணக்கான தாள்கள்! ஒருவர் தம் வாழ்நாள் முழுதும் படித்தாலும் தீராதவை. பல நாட்டு ஆய்வாளர்கள் பகுத்துக்கொண்டு படித்தார்கள்; ஒருவர் கண்டதை மற்றவர் சரிபார்த்தார். வெளியே ஐயம் என்று சொன்னவர்கள் உள்ளே உண்மையை அறிந்தே இருந்தனர் என்பது உலகறிய நிறுவப்பட்டது.

தெரியவில்லை என்று எவரேனும் உரக்கச் சொல்லும்போது, தெரியாதிருப்பதால் அவருக்கு என்ன ஆதாயம் என்று கேட்க வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் படிப்பினை.

நம் முன்னோர் செய்த பணி

இது நமக்குப் புதிய கலை என்று எவரும் அஞ்ச வேண்டா. தாழ்த்தப்பட்ட மக்களைப் பற்றிப் பிறர் எழுதியதே வரலாறாக இருந்த காலத்தில், இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அண்ணல் அம்பேத்கர் 1920இல் ‘மூக்நாயக்’ இதழை வெளியிட்டார்; ஊமைகளின் தலைவன் என்பது அப்பெயரின் பொருள். இவர்கள் மூவரும் தம் கருத்தை வெளியிட்டதோடு நிற்கவில்லை. நம்மைப் பற்றி ஆதிக்கச் சாதியார் பரப்பிய சொற்களைச் சான்று காட்டி மறுத்தனர். இழிந்த பிறப்பு என்பதைவிடப் பெரிய பிரசாரம் இந்நாட்டில் எது? அதனைப் பரப்பியவர்கள் யார், அதனால் பயன் பெற்றவர்கள் யார் என்று கேட்டதே நம் அறிவியக்கத்தின் தொடக்கம்.

நிலத்தைப் பாருங்கள். செங்கற்பட்டு ஆட்சியர் டிரமென்கீர் 1891இல் அளித்த அறிக்கையின் பயனாகப் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. அவை கைமாறிப் போனபின், எந்தப் புல எண் யார் பெயரில் இருந்தது என்று பழைய பதிவேடுகளைத் தேடி ஊர் ஊராக நம் தோழர்கள் தொகுத்தார்கள். 1994 அக்டோபரில் காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர். ஒரு துண்டுப் பதிவேட்டின் மதிப்பு என்ன என்பதை நம் சமுதாயம் இரத்தம் சிந்தி அறிந்திருக்கிறது.

புதுவை மண்ணிலும் இம்மரபு உண்டு. ஆலை முதலாளிகளின் சொல்லே ஆட்சியாளர் காதில் ஏறிய காலத்தில், வ. சுப்பையா 1934இல் ‘சுதந்திரம்’ இதழைத் தொடங்கித் தொழிலாளர் நிலையை எழுதினார். 1936 ஜூலை 30ஆம் நாள் ஆலைத் தொழிலாளர்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிருவர் மாண்டனர். அதன்பின்னரே எட்டு மணி நேர வேலை இங்குச் சட்டமாயிற்று.

வாளியும் குறிப்பேடும்

இனி, நம் அண்டை மாவட்டத்துக்கு வருவோம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம், செம்மங்குப்பம் முதலிய ஊர்களில் மீனவரும் உழவுக் கூலிகளும் வாழ்கின்றனர். ஆலைகளிலிருந்து வீசிய நாற்றத்தால் கண் எரிகிறது, மூச்சுத் திணறுகிறது என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். அதிகாரிகள் வந்து பார்க்கும் நேரத்தில் நாற்றம் இருப்பதில்லை. கல்லாத மக்களின் கற்பனை என்று அந்த முறையீடு ஒதுக்கப்பட்டது.

2004ஆம் ஆண்டு அம்மக்கள் வேறொரு வழியை மேற்கொண்டனர். ஒவ்வோர் ஊரிலும் சிலர் குறிப்பேடு வைத்துக்கொண்டனர். எந்த நாள், எந்த மணி, காற்று எத்திசையிலிருந்து வீசிற்று, நாற்றம் எதைப் போன்றது, உடலுக்கு என்ன நேர்ந்தது என்று எழுதினர். அழுகிய முட்டை நாற்றம், அழுகிய முட்டைக்கோசு நாற்றம், நகப்பூச்சு நாற்றம் என்று தாம் அறிந்த பொருள்களைக் கொண்டே வகைப்படுத்தினர். பின்னர் ஒரு பிளாஸ்டிக் வாளியும் அதனுள் பொருத்திய பையும் கொண்டு காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினர். அமெரிக்காவில் எண்ணெய் ஆலைகளுக்கு அருகில் வாழும் எளிய மக்கள் 1990களில் கையாண்ட முறை அது. ஆய்வில் இருபதுக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் காற்றில் இருப்பது தெரிந்தது; அவற்றுள் சில புற்றுநோயை உண்டாக்குபவை. உச்ச நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழுவும் அவ்வாண்டே அங்கு வந்து நிலைமையை நேரில் கண்டது.

இதில் நாம் கற்கவேண்டுவது யாது? வேதியியல் கற்றவர் ஆய்வகத்தில் இருந்தார். சட்டம் கற்றவர் நகரத்தில் இருந்தார். ஆனால் நாற்றம் வீசிய நள்ளிரவில் விழித்திருந்து மணியைக் குறித்தவர் அவ்வூர்ப் பெண்ணேயாவார். அந்தக் குறிப்பு இல்லையேல் மற்ற இருவர் கல்வியும் பயனற்றுப் போயிருக்கும். கூட்டு ஆய்வு என்பதன் பொருள் இதுதான். படித்தவர் கேட்க, படியாதவர் விடை சொல்வது கூட்டு ஆய்வாகாது. அவரவர் அறிந்ததை அவரவர் கொணர்ந்து ஒன்றாகச் சேர்ப்பதே கூட்டு ஆய்வு.

பத்திரத்தில் மறைந்திருந்த எண்

ஊரளவில் வாளி செய்த பணியை நாட்டளவில் செய்த நிகழ்ச்சி ஒன்றையும் கூறவேண்டும். அது தேர்தல் பத்திரங்களின் கதை.

2017ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வழியாகவும் 2018 ஜனவரியில் வெளியான அறிவிப்பின் வழியாகவும் ஒரு புதிய முறை வந்தது. நிறுவனமோ தனியாளோ பாரத ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கி விரும்பிய கட்சிக்குக் கொடுக்கலாம்; கொடுத்தவர் யார் என்பது மக்களுக்குத் தெரியாது. முன்னர், ஒரு நிறுவனம் தன் மூவாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கலாகாது என்ற வரம்பு இருந்தது. அவ்வரம்பும் நீக்கப்பட்டது. இலாபமே ஈட்டாத நிறுவனமும் கோடிகளை வழங்கலாம் என்றாயிற்று.

பத்திரத்தில் கொடுப்பவரை அடையாளம் காட்டும் குறி எதுவும் இல்லை என்றே மக்கள் எண்ணியிருந்தனர். பூனம் அகர்வால் என்னும் பத்திரிகையாளர் 2018 ஏப்ரலில் ஆயிரம் ரூபாய்ப் பத்திரங்களை வாங்கித் தடயவியல் சோதனைக்கு அனுப்பினார். புற ஊதாக் கதிரில் பார்த்தபோது கண்ணுக்குத் தெரியாத எண் ஒன்று ஒவ்வொரு பத்திரத்திலும் இருந்தது! ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி லோகேஷ் பத்ரா, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு மேல் மனுவாகப் போட்டு அரசுக் கோப்புகளை வெளிக்கொணர்ந்தார். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் முதலியோர் உச்ச நீதிமன்றத்தில் வழக்காடினர். 2024 பிப்ரவரி 15ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, இத்திட்டம் வாக்காளரின் தகவல் அறியும் உரிமைக்கு மாறானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

வங்கி ஜூன் 30 வரை தவணை கேட்டது. நீதிமன்றம் மறுத்தது. மார்ச் 14ஆம் நாள் இரண்டு பட்டியல்கள் வெளிவந்தன. வாங்கியவர் ஒரு பட்டியலில். பெற்ற கட்சிகள் மற்றொன்றில். எவர் எவருக்குக் கொடுத்தார் என்பதை இணைக்கும் எண் இல்லை. நீதிமன்றம் மீண்டும் ஆணையிட்டபின், மார்ச் 21ஆம் நாள் அந்த மறைந்த எண்களும் வெளிவந்தன. நியூஸ்லாண்டிரி, ஸ்க்ரோல், தி நியூஸ் மினிட் ஆகிய செய்தி நிறுவனங்களும் தனிப்பட்ட பத்திரிகையாளர்களும், போட்டியை ஒதுக்கிவைத்து ஒரே குழுவாக அமர்ந்து அப்பட்டியல்களை ஆராய்ந்தனர்.

வெளிவந்த பட்டியலின்படி 2019 ஏப்ரலுக்குப்பின் 12,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பத்திரங்கள் விற்கப்பட்டிருந்தன. அவற்றில் பாரதீய ஜனதாக் கட்சி பெற்றது 6,000 கோடிக்கு மேல். மிக அதிகமாக வாங்கியது கோயம்புத்தூரைச் சேர்ந்த பியூச்சர் கேமிங் என்னும் லாட்டரி நிறுவனம். தொகை 1,368 கோடி. அதில் திரிணாமுல் காங்கிரசுக்கும் திராவிட முன்னேற்றக் கழகத்துக்கும் தலா 500 கோடிக்கு மேல் சென்றது. எந்தக் கொடியின் நிழலில் நிற்பவரும் இதில் மற்றவரை மட்டும் குறை கூற இயலாது என்பதை நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். லாட்டரிச் சீட்டை வாங்குபவர் யார்? அன்றாடக் கூலி பெறும் நம் போன்றவரே. ஏழையின் நப்பாசை சில்லறையாகச் சேர்ந்து, கோடிகளாகத் திரண்டு, கட்சிகளின் கணக்கில் போய்ச் சேர்ந்ததை அப்பட்டியல் நமக்குக் காட்டிற்று.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஒரு நிறுவனம் பணம் கொடுத்தது; பின்னர் அதற்கு ஓர் ஒப்பந்தம் கிடைத்தது. இவை இரண்டும் உண்மையாக இருக்கலாம். முன்னதால்தான் பின்னது நிகழ்ந்தது என்று சொல்ல வேறு சான்று வேண்டும். தேதிகளை அடுத்தடுத்து நிறுத்திக் கேள்வி எழுப்பலாம்; தீர்ப்பு எழுதலாகாது. கேள்வியைக் கேள்வியாகவே நிறுத்தத் தெரிந்தவனே நேர்மையான ஆய்வாளன்.

நம் பேச்சு பறிபோகும் வழி

நம்மை நேரடியாகத் தாக்கும் செய்தி ஒன்றுண்டு. பெருந்திட்டம் ஒன்று வருமுன் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது 2006 செப்டம்பர் 14ஆம் நாளைய சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விதி. 2023இல், ஓசிசிஆர்பி என்னும் பன்னாட்டுப் புலனாய்வுக் கூட்டமைப்பு, தகவல் உரிமைச் சட்டத்தின்வழிப் பெற்ற ஆயிரக்கணக்கான அரசு ஆவணங்களை ஆராய்ந்து ஒரு செய்தி வெளியிட்டது. கொரோனாக் காலத்தில் வேதாந்தா நிறுவனத் தலைவர் சுற்றுச்சூழல் அமைச்சருக்குக் கடிதம் எழுதினார்; சுரங்க நிறுவனங்கள் உற்பத்தியை 50 விழுக்காடு வரை பெருக்கிக்கொள்ளப் பொதுமக்கள் கருத்துக் கேட்புத் தேவையில்லை என்ற தளர்வு 2022இல் வந்தது என்பதே அச்செய்தி.

நாடு வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலம் அது. நம் பிள்ளைகள் வேலை இழந்து ஊர் திரும்பிய காலம். அக்காலத்தில் ஒரு கடிதமும் ஒரு கோப்பும் நகர்ந்தன. சுரங்கத்தருகே வாழும் ஏழைகள் வாய் திறக்கும் வாய்ப்புக் குறைந்தது. அவர்கள் எவரையும் எவரும் அடிக்கவில்லை, விரட்டவில்லை. பேசும் இடம் மட்டும் ஓசையின்றி மறைந்தது.

புதுவையில் இதற்குத் தனிப் பொருளுண்டு. 1968க்குப்பின் முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து 2006இல்தான் இங்கு உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் காலம் 2011இல் முடிந்தபின் நீண்ட காலம் மீண்டும் தேர்தல் இல்லை. கொம்யூன் அளவில் நம் குரலாக நிற்கும் உறுப்பினர் இல்லாத நாட்டில், கருத்துக் கேட்புக் கூட்டமே ஏழைக்கு எஞ்சிய மேடை. அதனையும் இழக்கலாமா?

நாம் செய்ய வேண்டுவன

தொழில் வேண்டாம் என்று சொல்ல நாம் இங்குக் கூடவில்லை. நிலமற்ற நம் இளைஞருக்கு வேலை வேண்டும். அதனால்தான் வேலை தருகிறோம் என்னும் சொல்லை மற்றெவரைக் காட்டிலும் கவனமாக நாம் ஆராய வேண்டும். எத்தனை வேலை என்றார்கள்? எத்தனை கொடுத்தார்கள்? நிரந்தரமா, ஒப்பந்தமா? நம் சேரியிலிருந்து எத்தனை பேர்? அவர்கள் செய்வது எந்திரப் பணியா, கழிவு அள்ளும் பணியா? இக்கேள்விகளுக்கு விடை வெளியூர் நிபுணரிடம் இல்லை. நம் வீடுகளில் இருக்கிறது.

ஆகவே சங்கத்தின் இருபத்தாறாம் ஆண்டுப் பணியாக ஊருக்கு ஐவர் கொண்ட ஆய்வுக் குழுக்களை அமைக்கலாம் என்று பணிவுடன் முன்மொழிகிறோம். ஒருவர் செய்தித்தாள்களைத் தொகுக்கட்டும். விளம்பரம் எது, செய்தி எது, விளம்பரமே செய்தி வேடமிட்டு வந்தது எது என்று பிரிக்கட்டும். பணம் பெற்றுச் செய்தி வெளியிடும் வழக்கத்தை இந்தியப் பத்திரிகை மன்றத்தின் துணைக் குழுவே 2010இல் ஆராய்ந்து அறிக்கை அளித்திருக்கிறது என்பதை நினைவிற் கொள்க. ஒருவர் நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படிக்கட்டும். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்குமேல் வளமுள்ள நிறுவனங்கள் தம் இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நம் ஊருக்கு வந்த குடிநீர்த் தொட்டி கருணையா, சட்டக் கடமையா என்பது அதனால் விளங்கும்.

ஒருவர் தகவல் மனு எழுதட்டும். 2005ஆம் ஆண்டுச் சட்டம் அது. மனுவைத் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் பத்து ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளார்க்கு அதுவும் இல்லை. முப்பது நாளில் விடை வரவேண்டும். வராவிடில் மேல்முறையீடு உண்டு. நான்காமவர் வீடு வீடாகச் சென்று மக்கள் சொல்வதைக் குறிக்கட்டும். இப்பணிக்குப் பெண்களே ஏற்றவர்கள். ஐந்தாமவர் எதையும் சேகரிக்க வேண்டா. மற்ற நால்வர் கொணர்ந்ததை நம்ப மறுப்பதே அவர் வேலை. இதற்குச் சான்று என்ன, இதை வேறு யார் உறுதி செய்தார் என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். அவரைத் தாண்டி வருவது மட்டுமே அச்சேறட்டும்.

கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டால் குறைந்தது முப்பது நாள் அவகாசம் தரப்பட வேண்டும். மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியில் கிடைக்க வேண்டும். கூட்ட நடவடிக்கை ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும். முடிவில், மக்கள் கூறியவற்றின் சுருக்கம் அவர்கள் மொழியில் படித்துக் காட்டப்பட வேண்டும். அது படிக்கப்படும்வரை எழுந்து வராதீர்கள். பேசியது பெரிதன்று, பேசியது பதிவானதா என்பதே பெரிது.

இதோ, சற்றுத் தொலைவில் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்டிமர் வீலர் அங்கு அகழ்ந்தபோது கிடைத்தவை பெரும்பாலும் உடைந்த ஓடுகளே. தனியோர் ஓடு எதையும் சொல்லாது. எந்த அடுக்கில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்று குறித்துவைத்ததால்தான், இத்தாலி நாட்டு மட்கலத் துண்டுகளைக் கொண்டு இம்மண்ணின் காலத்தையும் கடல் வாணிகத்தையும் கணிக்க முடிந்தது. நம் பணியும் அத்தகையதே. ஒரு விளம்பரம், ஒரு நன்கொடை, ஒரு கடிதம், ஓர் ஆணை. ஒவ்வொன்றும் ஓர் ஓடு. கிடைத்த இடமும் நாளும் குறித்து அடுக்குவோமானால் மறைந்த கலத்தின் வடிவம் தானே தோன்றும்.

முதற் கணக்கு நம்முடையது

பிறர் கணக்கைக் கேட்பவன் தன் கணக்கைத் திறந்து வைக்க வேண்டும். இவ்விழா மலருக்குப் பின்னட்டை விளம்பரம் தருவதாக ஒரு நிறுவனம் முன்வந்தது. தன்னைப் பாராட்டும் கட்டுரை ஒன்றையும் உடன் வெளியிட வேண்டும் என்றது. அச்சுக்கூலிக்கு நாம் அல்லாடிய நேரம் அது. நிர்வாகக் குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. விளம்பரத்தை விளம்பரமாக வெளியிடுவோம்; கட்டுரைக்கு இடமில்லை என்று விடை எழுதினோம். அதன்பின் விளம்பரமும் வரவில்லை. ஆகையால் இம்மலர் சற்று மெலிந்த தாளில் அச்சாகியிருக்கிறது. அதில் நமக்கு வருத்தமில்லை. இதன் பக்கங்களில் உள்ள ஒவ்வொரு சொல்லும் நம்முடையது.

இதனை நெறியாகவே ஆக்கிக்கொள்வோம். சங்கத்துக்கு வரும் ஒவ்வொரு நன்கொடையும், கொடுத்தவர் பெயரோடும் அவர் கேட்டதென்ன என்பதோடும், மாணவரும் பார்க்கும்படி ஒரு பேரேட்டில் எழுதப்படட்டும். நம் பிள்ளைகள் கணக்குப் பாடத்தை அந்தப் பேரேட்டிலிருந்தே கற்கட்டும்.

இளைஞர்களே! கல்வி, கிளர்ச்சி, ஒற்றுமை என்று அண்ணல் நமக்கு மூன்று கடமைகளை விட்டுச் சென்றார். இவை மூன்றையும் ஒருங்கே கேட்கும் பணி இது. தேடுவது கல்வி; கேட்பது கிளர்ச்சி; சேர்ந்து தேடிச் சேர்ந்து கேட்பது ஒற்றுமை. நாளை ஒரு செய்தி உங்கள் கைக்கு வரும்போது, இதைச் சொல்பவர் யார், சொல்லச் செய்தவர் யார், இதனால் வாழ்பவர் யார், வீழ்பவர் யார் என்று நான்கு கேள்விகளைக் கேளுங்கள். விடையைத் தேதியிட்டு எழுதிவையுங்கள். அடுத்த வீட்டாரிடம் காட்டிச் சரிபாருங்கள்.

பெயர் தரும் விருப்பமுள்ளோர் இக்கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பதிவு செய்துகொள்ளுமாறு வேண்டுகிறோம்.